நெம்மாராக்காரருக்கு முன்னே போன குரங்குகள்

நெம்மாராவில் பஸ் ஏறி நெல்லியாம்பதிக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். போத்துண்டி அணை தாண்டி மலை வளைவுகள் தொடங்கியதும் கையில் இருக்கும் பழத்தையும் பொட்டலத்தையும் பைக்குள் தள்ளிவிட வேண்டும். ரோட்டோரச் சுவரில் குரங்குகள் குடும்பம் குடும்பமாகக் காத்திருக்கும். உச்சந்தலையில் மயிர் வகிடெடுத்துக் குல்லாய் வைத்தாற்போல் இருக்கும் இந்த நாட்டுக் குரங்கைத் தேக்கடியிலும் பார்க்கலாம், மறையூரிலும் பார்க்கலாம். இன்னும் மேலே, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் சோலைகளில், பிடரி மயிரோடு சிங்கவால் குரங்கு உண்டு.

இந்த மலையின் அடிவாரத்தில் இருக்கும் திருவழியாடு என்ற ஊரில் 1976-ல் பிறந்தவர்தான் குரூப் கேப்டன் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர். 2024 பிப்ரவரி 27-ந் தேதி திருவனந்தபுரத்தில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில், ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நான்கு விமானப் படை அதிகாரிகளின் பெயரைப் பிரதமர் மோடி அறிவித்தார். நால்வரில் ஒருவர் இந்த நெம்மாராக்காரர். சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் இன்னொருவர். மற்ற இருவர் அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. இந்திய மண்ணிலிருந்து, இந்திய ராக்கெட்டில், சுமார் 400 கிலோமீட்டர் உயரத்துக்கு மனிதர்களை அனுப்பி மூன்று நாள் சுற்ற வைத்துப் பத்திரமாகக் கடலில் இறக்க வேண்டும். இதுதான் திட்டம்.

ஊரில் டீக்கடை பெஞ்சில் இந்தப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அதெல்லாம் சரி, மனுஷனை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு குரங்கையோ நாயையோ ஏற்றிப் பார்க்க வேண்டாமா? ரஷ்யாக்காரன் அப்படித்தானே செய்தான்?"

நியாயமான கேள்விதான். மிருகம் எதையும் முன்னோட்டமாக அனுப்பாமல்தான் இந்தியா மனிதனை அனுப்பத் தயாராகிறது. அது எப்படி முடிகிறது என்பதற்குப் பதில் நம் கையில் இல்லை. எழுபது, எழுபத்தைந்து வருஷங்களுக்கு முன்னால் மற்ற நாடுகள் எழுதி வைத்த கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கில் வட இந்தியக் காட்டுக் குரங்கின் பெயரும் உண்டு.

இதயம் நின்று போகுமா?

1940-களில் டாக்டர்களுக்கு இருந்த பயத்தை இன்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கும். எடையற்ற நிலையில் உணவு தொண்டையில் இறங்குமா? ரத்தம் தலைக்கு ஏறி நின்று விடுமா? இதயத்துக்கு எப்போது துடிப்பது என்று தெரியாமல் போய்விடுமா? விமானத்தில் சில விநாடிகள் எடையற்ற நிலையை உண்டாக்கிப் பார்க்கலாம். அதற்கு மேல் பூமியில் வழி இல்லை. ராக்கெட் கிளம்பும்போது ஏற்படும் அழுத்தம் இன்னொரு கவலை. உடம்பு தன் எடையைப் போலப் பத்து மடங்கு, பதினைந்து மடங்கு கனத்தால் மூச்சு விட முடியுமா என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

போரில் தோற்ற ஜெர்மனியிடமிருந்து கைப்பற்றிய வி-2 ராக்கெட்டுகள் அமெரிக்காவிடம் இருந்தன. நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் வைட் சாண்ட்ஸ் என்ற இடத்திலிருந்து அவற்றை ஏவிப் பார்த்தார்கள். 1947 பிப்ரவரி 20-ல் அப்படி ஒரு ராக்கெட்டில் பழ ஈக்கள் போயின. 109 கிலோமீட்டர் உயரம் சென்று, பாரசூட்டில் உயிரோடு இறங்கின. விண்வெளியைத் தொட்டுத் திரும்பிய முதல் பிராணி, வாழைத்தார் மீது மொய்க்கும் அதே ஈதான்.

ஈ பிழைத்தது சரி. ஈக்கும் மனிதனுக்கும் தூரம் அதிகம். அடுத்து குரங்கு.

ஆல்பர்ட் என்று ஒரே பெயர்

1948 ஜூன் மாதம் வி-2 ராக்கெட்டின் மூக்கில் ஒரு ரீசஸ் குரங்கை மயக்க மருந்து கொடுத்துக் கட்டி வைத்தார்கள். பெயர் ஆல்பர்ட். கூண்டு அவ்வளவு குறுகல். ராக்கெட் கிளம்புவதற்கு முன்பே அது மூச்சு முட்டி இறந்திருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள்.

அடுத்த குரங்குக்கும் அதே பெயர், இரண்டாவது ஆல்பர்ட். 1949 ஜூன் 14-ல் 134 கிலோமீட்டர் உயரம் போனது. மேலே போகும்போதும், எடையற்று மிதக்கும்போதும், திரும்பும்போதும் அதன் இதயம் துடித்தது, மூச்சு ஓடியது. கருவிகள் அதை ரேடியோ வழியே கீழே சொல்லிக்கொண்டே இருந்தன. டாக்டர்களின் பெரிய பயத்துக்குப் பதில் அன்று கிடைத்துவிட்டது. பாரசூட் மட்டும் விரியவில்லை. குரங்கு தரையில் மோதி இறந்தது.

மூன்றாவது ஆல்பர்ட் போன ராக்கெட் நடுவானில் வெடித்தது. நான்காவது நன்றாகப் போய், திரும்பும்போது மீண்டும் பாரசூட் கோளாறு. ஐந்தாவதுக்கும் அதேதான். 1951 செப்டம்பர் 20-ல் பதினோரு எலிகளோடு போன ஆறாவது குரங்குதான் உயிரோடு தரை தொட்டது. பாலைவன வெயிலில் கிடந்த கூண்டைத் தேடிக் கண்டுபிடித்துத் திறந்தார்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் அதுவும் இறந்துவிட்டது.

குரங்கைக் கொன்றது விண்வெளி இல்லை. மனிதன் செய்த பாரசூட்தான். இதைக் கவனிக்க வேண்டும். இந்தச் சாவுகளில் பெரும்பாலானவை உடம்பைப் பற்றி எதையும் புதிதாகச் சொல்லவில்லை. பாரசூட்டை இன்னும் கொஞ்சம் சோதித்துவிட்டு ஏற்றியிருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை. அவசரம் அப்படி.

காசியிலும் மதுராவிலும் திரிந்தவை

ரீசஸ் என்பது நம் தென்னாட்டுக் குரங்கு அல்ல. தப்தி, கோதாவரி ஆறுகளுக்குத் தெற்கே நாட்டுக் குரங்கு என்றால், வடக்கே ரீசஸ். செம்முகம், குட்டை வால், முரட்டு உடம்பு. காசி, மதுரா, பிருந்தாவனம் போனவர்கள் மூக்குக்கண்ணாடியைப் பறிகொடுத்திருந்தால் அது இதனிடம்தான். ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்கப் போனால் "பாசிடிவா, நெகடிவா?" என்று கேட்கிறார்கள் அல்லவா, அந்த ஆர்.எச். என்ற இரண்டு எழுத்தும் இந்தக் குரங்கின் பெயரிலிருந்து வந்ததுதான். 1940-ல் லேண்ட்ஸ்டெய்னரும் வீனரும் வைத்தார்கள்.

உத்தரப் பிரதேசத்திலும் சுற்று மாநிலங்களிலும் பிடித்த குரங்குகளை மூங்கில் கூண்டுகளில் அடைத்து டில்லிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து விமானத்தில் வெளிநாட்டுக்கு அனுப்புவது ஒரு காலத்தில் நல்ல வியாபாரம். முக்கியமான காரணம் போலியோ. ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி வெற்றி என்று 1955 ஏப்ரல் 12-ல் அறிவித்தார்கள். அந்தத் தடுப்பூசிக்கு வேண்டிய வைரசை வளர்க்கக் குரங்கின் சிறுநீரகம் தேவைப்பட்டது. 1950-களின் கடைசியில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமான குரங்குகள் இந்தியாவிலிருந்து போயின. போலியோ சொட்டு மருந்து இன்று நம் குழந்தைகளுக்குச் சும்மா கிடைக்கிறது. அது சும்மா வந்ததில்லை.

1955 ஜனவரியில் லண்டன் விமான நிலையத்தில் ஒரு சம்பவம். நியூயார்க்குக்கு விமானம் மாற்றுவதற்காக ஒரு வேனில் பூட்டி வைத்திருந்த குரங்குகளில் சுமார் 390 மூச்சு முட்டிச் செத்தன. இந்தியாவில் பெரும் கூச்சல் கிளம்பியது. அரசு ஏற்றுமதியை நிறுத்தியது. தடை நெடுநாள் நிற்கவில்லை. ஆனால் நீங்கும்போது ஒரு நிபந்தனையோடு நீங்கியது. போலியோ தடுப்பூசிக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கும் மட்டுமே குரங்குகளைப் பயன்படுத்துவோம் என்று வாங்குகிற நாடு எழுதித் தர வேண்டும்.

இந்த நிபந்தனை ராக்கெட் தளம் வரை எட்டியது. 1959-ல் ஜூபிடர் ராக்கெட்டில் ஒரு ரீசஸ் குரங்கை அனுப்ப அமெரிக்க ராணுவம் ஏற்பாடு செய்தபோது இந்தியாவில் பிறந்த குரங்கை விட்டுவிட்டார்கள். இந்தியர்கள் குரங்கை அனுமாராகக் கும்பிடுகிறவர்கள், பொல்லாப்பு வரும் என்று, கான்சாஸ் மாநில மிருகக்காட்சி சாலையில் பிறந்த ஏபிள் என்ற பெண் குரங்கை ஏற்றினார்கள். பூர்வீகம் கங்கைக் கரைதான். பிறப்புச் சான்றிதழ் மட்டும் அமெரிக்கா!

ஏபிளோடு பேக்கர் என்ற தென் அமெரிக்கச் சின்னக் குரங்கும் போனது. உள்ளங்கையில் அடங்கும், எடை கால் கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். 1959 மே 28-ந் தேதி இரண்டும் சுமார் 480 கிலோமீட்டர் உயரம் போய், ஒன்பது நிமிஷம் எடையற்று இருந்து, அட்லாண்டிக் கடலில் இறங்கின. இறங்கும்போது எடை 38 மடங்கு அழுத்தியது. இரண்டும் உயிரோடு மீண்டன. அமெரிக்கப் பத்திரிகைகள் தலைப்பில் போட்டுக் கொண்டாடின. நான்கே நாளில் ஏபிள் இறந்தது. உடம்பில் பதித்திருந்த மின்கம்பி புண்ணாகி, அதை எடுக்க மயக்க மருந்து கொடுத்தபோது இதயம் நின்றது. பாடம் செய்த அதன் உடலை வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பேக்கர் 1984 நவம்பர் வரை வாழ்ந்தது. ஹண்ட்ஸ்வில் நகரில் அதன் கல்லறை இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் அதன் மேல் வாழைப்பழம் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

மாஸ்கோ தெரு நாய்கள்

ரஷ்யர்கள் நாயை எடுத்தார்கள். அதுவும் வளர்ப்பு நாய் இல்லை, மாஸ்கோ தெருவில் திரிந்தவை. பனியிலும் பட்டினியிலும் பிழைத்த நாய்க்குக் கூண்டு பெரிய கஷ்டமாக இருக்காது என்பது அவர்கள் கணக்கு. சின்ன உடம்பு, கேமராவில் தெரிய வெளிர் நிறம், கழிவுப் பை பொருத்தச் சுலபம் என்பதால் பெண் நாய்.

1951 ஜூலை 22-ல் டெசிக், சைகான் என்ற இரண்டு நாய்கள் சுமார் 100 கிலோமீட்டர் போய் உயிரோடு திரும்பின. ஒரே வாரத்தில் டெசிக்கை மறுபடி ஏற்றினார்கள். இந்த முறை பாரசூட் விரியவில்லை. சைகானை இனி ஏற்ற வேண்டாம் என்று ஆராய்ச்சிக் குழுத் தலைவர் பிளகன்ராவவ் வீட்டுக்கே கூட்டிப்போய் வளர்த்தார்.

லைக்காவின் கதை எல்லாருக்கும் தெரியும் என்பார்கள். தெரிந்த கதையில் பாதி பொய். 1957 நவம்பர் 3-ல் ஸ்புட்னிக்-2-ல் போன அந்த நாயைத் திரும்பக் கொண்டுவர ஏற்பாடே கிடையாது. போய் ஒரு வாரம் இருந்தது, வலியில்லாமல் இறந்தது என்றுதான் பல வருஷம் சொல்லி வந்தார்கள். 2002-ல் ஹூஸ்டன் நகரில் நடந்த விண்வெளி மாநாட்டில் மலாஷென்கோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி உண்மையைச் சொன்னார். கூண்டுக்குள் சூடு தாங்காமல், புறப்பட்ட சில மணி நேரத்திலேயே லைக்கா இறந்துவிட்டது. செத்த நாயோடு கலம் 1958 ஏப்ரல் வரை பூமியைச் சுற்றிவிட்டு எரிந்து போயிற்று. ஏற்றுவதற்கு முன் விஞ்ஞானி யாஸ்தோவ்ஸ்கி அந்த நாயைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தன் பிள்ளைகளோடு விளையாட விட்டார். அதன் பயிற்சியில் பங்கு கொண்ட கசென்கோ, அந்த நாய் சாகும் அளவுக்கு நாம் ஒன்றும் கற்றுவிடவில்லை என்று 1998-ல் வருத்தப்பட்டார்.

வருத்தத்துக்கு நாற்பது வருஷம் ஆனது என்பதும் உண்மை. அந்த நாற்பது வருஷத்தில் அவர்கள் கற்றதும் உண்மை. 1960 ஆகஸ்டில் பெல்கா, ஸ்ட்ரெல்கா என்ற இரண்டு நாய்கள் பூமியைச் சுற்றிவிட்டு உயிரோடு திரும்பின. சுற்றுப் பாதையிலிருந்து உயிரோடு இறங்கிய முதல் நாய்கள் அவைதான். நான்காவது சுற்றில் பெல்கா வாந்தி எடுத்தது. கீழே டாக்டர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு மாதம் கழித்து, 1961 ஏப்ரல் 12-ல், யூரி ககாரின் போனபோது அவருக்கு ஒரே ஒரு சுற்று போதும் என்று முடிவு செய்ததற்கு அந்த வாந்திதான் காரணம். சரித்திரப் புத்தகங்களில் 108 நிமிஷப் பயணம் என்று படிக்கிறோம். அந்த நிமிஷக் கணக்கை எழுதியது ஒரு தெரு நாய்.

65-ம் நம்பர்

அமெரிக்கர்களுக்கு இன்னொரு சந்தேகம் மிச்சம் இருந்தது. உயிரோடு இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. மேலே போனவன் கையை நீட்டி விசையை இழுக்க முடியுமா?

இதற்குச் சிம்பன்சி. ஆப்பிரிக்காவில் காமரூன் காட்டில் குட்டியாகப் பிடிபட்டு, மியாமியில் ஒரு பறவைப் பண்ணை வழியாக அமெரிக்க விமானப் படைக்கு வந்த ஒரு குட்டிக்கு 65 என்று நம்பர் போட்டார்கள். நீல விளக்கு எரிந்தால் சில விநாடிக்குள் விசையை இழுக்க வேண்டும். சரியாகச் செய்தால் வாழைப்பழ வில்லை. தவறினால் பாதத்தில் மின் அதிர்ச்சி. 1961 ஜனவரி 31-ல் ரெட்ஸ்டோன் ராக்கெட் அதை ஏற்றிக்கொண்டு போனது. போக வேண்டிய வேகத்துக்கு மேலே போனது. திரும்பும்போது சுமார் 15 மடங்கு எடை அழுத்தியது. கலம் கடலில் விழுந்து ஓட்டையாகித் தண்ணீர் ஏறியது. இத்தனைக்கும் நடுவே அந்தக் குட்டி விசையை இழுத்துக்கொண்டே இருந்தது. தரையில் இழுத்த வேகத்துக்கும் மேலே இழுத்த வேகத்துக்கும் வித்தியாசம் ஒரு விநாடியின் சிறு பின்னம்தான்.

கப்பலில் ஏற்றிய பிறகுதான் அதற்கு ஹாம் என்று பெயர் வெளியே வந்தது. பெயரோடு செத்தால் ஜனங்கள் அழுவார்கள், நம்பரோடு செத்தால் அழ மாட்டார்கள் என்று அதிகாரிகள் காத்திருந்தார்கள்! ஹாம் 1983 வரை இருந்தது. மிருகக்காட்சி சாலையில் பல வருஷம் தனிக் கூண்டு.

அந்த வருஷமே நவம்பர் 29-ல் ஈனோஸ் என்ற இன்னொரு சிம்பன்சி பூமியை இரண்டு முறை சுற்றியது. அதன் விசையில் கோளாறு. சரியாக இழுத்தாலும் அதிர்ச்சி விழுந்தது. கற்றுக் கொடுத்தபடியே அது சரியான விசையைத் தொடர்ந்து இழுத்தது. மறு ஆண்டு வயிற்றுக்கடுப்பில் இறந்தது.

காலியாகப் போன கூண்டு

நம் நாட்டுக்கு வருவோம். 2023 அக்டோபர் 21-ந் தேதி காலை ஸ்ரீஹரிகோட்டாவில் இஸ்ரோ ஒரு சோதனை நடத்தியது. ராக்கெட்டில் கோளாறு என்றால், வீரர்கள் இருக்கும் கலத்தை மட்டும் பிய்த்து எடுத்துத் தூரக் கொண்டுபோய் பாரசூட்டில் இறக்கும் ஏற்பாடு வேலை செய்கிறதா என்று பார்க்க. கலம் சுமார் 17 கிலோமீட்டர் உயரம் போய் வங்கக் கடலில் இறங்கியது. கடற்படை மீட்டது. உள்ளே யாரும் இல்லை.

இதே மாதிரிச் சோதனையை அமெரிக்கா 1960 ஜனவரி 21-ல் வாலப்ஸ் தீவில் செய்தது. உயரமும் ஏறக்குறைய அதே அளவு, சுமார் 15 கிலோமீட்டர். உள்ளே மிஸ் சாம் என்ற ரீசஸ் பெண் குரங்கு இருந்தது. கலத்தைப் பிய்க்கும் ராக்கெட் வெடித்துக் கிளம்பிய விநாடியில் அது ஆடிப்போய்விட்டது. விளக்கு எரிந்தும் அரை நிமிஷம் விசையைத் தொடவில்லை. பிறகு தேறிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது. உயிரோடு மீண்டது.

அந்த அரை நிமிஷம்தான் விஷயம். ஆபத்து நேரத்தில் முதல் அரை நிமிஷம் வீரனின் கையை நம்பக் கூடாது, கருவி தானாகவே எல்லாம் செய்ய வேண்டும் என்பதை மிஸ் சாம் காட்டியது. 2023-ல் நாம் அனுப்பிய கலம் காலியாகப் போக முடிந்ததற்கு, 1960-ல் அவர்கள் கலம் காலியாகப் போகாததும் ஒரு காரணம்.

ஆகவே, "பார், நாங்கள் ஒரு ஜீவனையும் துன்புறுத்தாமல் விண்வெளிக்குப் போகிறோம்" என்று நாம் மார் தட்டிக்கொள்வது அவ்வளவு பொருத்தமில்லை. மிருகம் தேவைப்படவில்லை என்பது உண்மை. தேவையைத் தீர்த்து வைத்த மிருகங்கள் வேறு நாட்டுக் கணக்கில் இருக்கின்றன. 1984 ஏப்ரல் 3-ல் சோவியத் கலத்தில் ராகேஷ் சர்மா போனபோது நாடே மகிழ்ந்தது. அதற்கு நான்கு மாதம் முன்பு, 1983 டிசம்பரில், அதே நாடு அப்ரெக், பியோன் என்ற இரண்டு ரீசஸ் குரங்குகளை ஐந்து நாள் சுற்ற வைத்து இறக்கியது. நம் பத்திரிகைகளில் அவற்றுக்கு அவ்வளவு இடம் இல்லை.

மிருக வதை விஷயத்தில் நம்மவர் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபையில் தனி உறுப்பினராக மசோதா கொண்டுவந்து போராடியதால்தான் 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. பரதநாட்டியத்துக்காக அவரை நினைக்கிறவர்கள் இதையும் நினைக்கலாம். குரங்கு ஏற்றுமதி அதற்குப் பிறகும் நடந்தது, அளவு குறைந்துகொண்டே வந்தது. 1977-ல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தில் ரீசஸ் குரங்குகளை நியூட்ரான் கதிர் வீச்சுக்கு உட்படுத்துகிறார்கள் என்ற செய்தி வந்தது. 1955 நிபந்தனை மீறப்பட்டது என்று ஷெர்லி மெக்ரீல் என்ற பெண்மணி பிரதமர் மொரார்ஜி தேசாய்க்குத் தெரிவித்தார். 1978 ஏப்ரல் 1 முதல் குரங்கு ஏற்றுமதி அடியோடு நின்றது.

அதே சமயத்தில்தான் நம் பாலக்காடு மாவட்டத்தில் சைலண்ட் வேலி போராட்டம் சூடு பிடித்தது. மின்சார அணை கட்டினால் சிங்கவால் குரங்கின் காடு முழுகிவிடும் என்று ஆசிரியர்களும் மாணவர்களும் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள். 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தி வந்து தேசியப் பூங்காவைத் திறந்து வைத்தார். குரங்குக்காக ஒரு அணையையே நிறுத்திய மாவட்டம் இது. அதே மலைத் தொடரில் லேகியத்துக்காகக் கருங்குரங்கை வேட்டையாடியவர்களும் நம்மவர்களே. 1972 வனவிலங்குச் சட்டம் வந்தும் அந்தப் பழக்கம் உடனே நிற்கவில்லை.

அடுத்துப் போகிறவர்கள்

பிரசாந்த் நாயர் பாலக்காடு என்.எஸ்.எஸ். பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, அங்கிருந்து தேசிய பாதுகாப்பு அகாடமிக்குப் போனவர். 1998 டிசம்பரில் போர் விமானியானார். விமானப் படை அகாடமியில் வீர வாள் பரிசு பெற்றார். சுகோய் விமானப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். சுமார் 3,000 மணி நேரம் பறந்த அனுபவம் உண்டு. 2020, 2021-ல் நால்வரும் ரஷ்யாவில் ககாரின் பயிற்சி மையத்தில் பயிற்சி பெற்றார்கள். பல மடங்கு எடை அழுத்தும் சுழல் யந்திரத்தில் உட்காருவது விண்வெளிப் பயிற்சியில் ஒரு பகுதி. எத்தனை மடங்கு வரை தாங்கும் என்ற அட்டவணையில் ஆரம்ப வரிகள் நாயும் குரங்கும் சிம்பன்சியும் எழுதியவை.

2025 ஜூன் 25-ல் சுபான்ஷு சுக்லா அமெரிக்காவிலிருந்து புறப்பட்டுச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூலை 15-ல் திரும்பினார். அவரால் போக முடியாவிட்டால் போவதற்குத் தயாராக நின்றவர் நம் நெம்மாராக்காரர். சுக்லாவோடு இஸ்ரோ தேர்ந்தெடுத்த சோதனைகளும் போயின. அவற்றில் ஒன்றில் பிராணிகள் இருந்தன. நீர்க்கரடி என்று பெயர். கரடி என்றதும் பயப்பட வேண்டாம். பாசியில் வாழும் எட்டுக் கால் ஜந்து, நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. காய்ந்தாலும் உறைந்தாலும் சாகாது.

ககன்யான் கலத்தில் மனிதருக்கு முன் உட்காரத் திருவனந்தபுரத்தில் இஸ்ரோ ஒரு பெண் உருவ யந்திரம் செய்திருக்கிறது. வியோமித்ரா என்று பெயர், ஆகாயத் தோழி என்று பொருள். விளக்கு எரிந்தால் விசையைத் தட்டும். பேசும். கலத்தின் காற்று, அழுத்தம், சூடு எல்லாவற்றையும் கீழே சொல்லும். ஹாம் செய்த வேலைதான், பாதத்தில் அதிர்ச்சி மட்டும் கிடையாது.

மிருகம் என்று ககன்யானில் ஏற்றுவதற்குத் தேர்வாகியிருப்பது பழ ஈ. கர்நாடகத்தில் தார்வாட் விவசாயப் பல்கலைக்கழகத்தார் அதற்கான சிறு பெட்டியைச் செய்திருக்கிறார்கள். விண்வெளியில் நாள் கணக்கில் இருப்பவர்களுக்கு எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து சிறுநீரகத்தில் கல் சேரும் அபாயம் உண்டு. 1966-ல் 22 நாள் சுற்றிவிட்டு நிற்க முடியாமல் இறங்கிய வெத்தரோக், உகோல்யோக் என்ற இரண்டு ரஷ்ய நாய்கள் இந்தச் சுண்ணாம்பு இழப்பை அப்போதே காட்டின. அந்தக் கல் எப்படி உண்டாகிறது என்பதை இந்த ஈக்களை வைத்துப் பார்க்கப் போகிறார்கள்.